ஆபத்தில்லை என்று நான் எழுதிக் கொடுத்த வளவு

நியமனக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளுக்கு எப்போது அனுமதி வரும் என்று காத்திருக்கும் புதிய விவசாயப் போதனாசிரியர்களே, ஓய்வூதியத்தில் இருக்கும் ஒரு பழைய போதனாசிரியனின் ஸலாம்.

உங்களுக்குக் கற்றுத்தர என்னிடம் ஒன்றும் இல்லை. உங்களிடம் பட்டம் இருக்கிறது. படம் பிடித்துக் காட்டினால் பூச்சியின் பெயரோடு அதன் குலம் கோத்திரத்தையும் சொல்லும் தொலைபேசி இருக்கிறது. என்னிடம் இருப்பவை நான் விட்ட பிழைகள் மட்டும்தான். ஓய்வு பெற்ற நாளில் மேசை, கதிரை, முத்திரை எல்லாவற்றையும் சரிபார்த்துத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பிழைகளை ஒருவரும் கேட்கவில்லை. அவற்றில் ஒன்றை உங்களுக்குத் தருகிறேன்.

முதலில் ஒரு கனவைக் கலைத்துவிடுகிறேன். சொறிக்கல்முனைப் பக்கத்து வயல் வரம்பில் நின்று, நெற்கதிரைக் கையில் பிடித்தபடி விவசாயிக்கு ஆலோசனை சொல்லப் போவதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கல்முனைக் கரையில் உங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதி வயலிலிருந்து வராது, வீட்டு வாசலிலிருந்து வரும். மாரி முடிந்து மணல் காயத் தொடங்கியதும் தொலைபேசி அடிக்கும். "சேர், எங்கட வாசல் முழுக்க ஓட்டை. ஓட்டைக்குள்ளால குளவி வருது. சுறுக்கா வாங்க." நீங்கள் போய்ச் சேரும்போது வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் ஊற்றி முடித்திருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் சுடுதண்ணீர் ஊற்றியிருப்பார். மூன்றாமவர் வாசல் முழுக்கக் கொங்கிரீட் போட ஆள் பேசியிருப்பார். உங்களைக் கூப்பிட்டது ஆலோசனை கேட்க இல்லை. செய்து முடித்தது சரி என்று தலையாட்ட.

அந்த ஓட்டைகளில் இருப்பது பெரும்பாலும் குளவியே இல்லை. அது மண்ணில் பொந்து வைக்கும் தேனீ. கூட்டமாகக் கூடு கட்டாது, நமக்குத் தேனும் தராது. அதனால்தான் அதைத் தேனீ என்று நம்ப நம் சனத்துக்கு மனம் வருவதில்லை. ஒரு பொந்துக்கு ஒரு பெண் தேனீ. பொந்து வாயில் ஒரு சிட்டிகை பொடி மணல். பக்கத்தில் நூறு பொந்து இருந்தாலும் ஒருத்தி மற்றவளின் விடயத்தில் தலையிடுவதில்லை. காவல் காக்கும் வழக்கமும் இல்லை. நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்து நீங்கள் தேத்தண்ணி குடிக்கலாம். கையில் பிடித்து நசித்தாலொழியக் கொட்டாது. ஒரே ஓட்டைக்குள் பல பேர் போய் வந்தால், அது கூட்டுக் குளவி. அங்கே தேத்தண்ணி வேண்டாம். இந்த வித்தியாசத்தை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எனக்கு வந்த வினையே அந்தத் திமிர்தான்.

கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார் ஒருநாள் காலையில் அழைத்தார். அவருடைய தங்கச்சியின் கணவர் மௌத்தாகி ஒரு மாதம் கடந்திருந்தது. தங்கச்சி இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியேறாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் இருக்கும் காலம் அது. வீடு அவருடையது. நம் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் கலியாணம் முடித்து அங்கே போய்ச் சேருகிறவன். அவரும் மகளும் மட்டும் அந்த வீட்டில் இருந்தார்கள். ஹாஜியாரோ ஊரின் மறுகோடியில். தினமும் கடையைப் பூட்டிவிட்டு வந்து தங்கச்சியைப் பார்த்துப் போவது அவருக்குப் பெரிய அலைச்சல். தங்கச்சியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டால் பாசமும் காட்டலாம், பெற்றோலும் மிச்சம்.

"மௌலவியிட்டக் கேட்டன் சேர்," என்றார் ஹாஜியார். "இத்தாவில இரிக்கிற ஆள் ஊடு மாறக் கூடாதாம். ஆனா உசிருக்கு ஆபத்தெண்டா மாறலாமாம். வாசலெல்லாம் குளவி. நீங்க அரசாங்க ஆளு. ஆபத்தெண்டு ஒரு கடிதம் எழுதித் தந்தீங்கெண்டாப் போதும்."

இத்தனை வருட சேவையில் நான் எழுதிய கடிதங்களை மேலதிகாரிகளே வாசித்ததில்லை. இப்போது ஒரு மௌலவி என் கடிதத்துக்காகக் காத்திருக்கிறார். சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

போனபோது மதிலுக்கு மேலால் ஏழெட்டுத் தலைகள் தெரிந்தன. ஹாட்வெயார் ஹாஜியார் அரசாங்க அதிகாரியைக் கூட்டி வருகிறார் என்ற செய்தி எனக்கு முந்தி வந்துவிட்டது. வீட்டு யன்னலுக்குத் தடித்த திரை போட்டிருந்தார்கள். நான் வாசலில் கால் வைத்ததும் திரைக்கு அப்பால் இருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"சேர், எனக்கு இந்த ஊட்ட விட்டுப் போக ஏலா. அவரு கண்ண மூடின ஊடு இது. இத்தாவ இங்கதான் முடிக்கணும். குளவியச் சொல்லி என்னக் கெளப்பப் பாக்காங்க."

"பாத்தீங்களா?" என்றார் ஹாஜியார் என்னிடம். "அழுது அழுது மண்ட குழம்பிப் போச்சி. நீங்க எழுதுங்க."

நான் மணலில் குந்தினேன். பொந்துகளைப் பார்த்தேன். வயிற்றில் நீலக் கோடு போட்ட தேனீக்கள் பறந்து வருவதும் ஒவ்வொன்றும் தன் பொந்துக்குள் நுழைவதுமாக இருந்தன. என் சந்தோசத்தைக் கேட்காதீர்கள். வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்தது. பொந்துகளுக்கு நடுவில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு தேனீயைப் புறங்கையில் இருக்க விட்டேன். மதிலுக்கு மேலே தொலைபேசிகள் உயர்ந்தன. நானும் முகத்தைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

"ஒரு ஓட்டைக்கு ஒண்டுதான் சேர் போற," என்றது திரைக்கு அப்பாலிருந்த குரல். "ஓதி எண்ணுற பேரீச்சங்கொட்டய வச்சி எண்ணிப் பாத்தன். வேற கொஞ்சம் இரிக்கி. அதுகளுக்கு ஓட்டையே இல்ல. பொழுதுபட்டு மஃரிபு நேரம் அந்தக் காஞ்ச கொப்பக் கடிச்சிக்கிட்டு வரிசையாத் தூங்குற."

"அதுகள் ஆண் தேனீ, தங்கச்சி," என்று நான் கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னேன். "ஊடு பொம்புளைக்குத்தான். ஆணுக்கு ஊடு இல்ல."

"அப்ப இது நம்மட ஊர்ப் பூச்சிதான்," என்றார் மதிலில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஒரு பெண் ஒரு மாதமாக யன்னலோரம் இருந்து, யாரும் சொல்லிக் கொடுக்காமல், நான் பரீட்சைக்குப் பாடமாக்கியதைக் கண்ணால் பார்த்துத் தானே கண்டுபிடித்திருக்கிறார். கொஞ்சமாவது மூளை உள்ளவன் என்ன செய்ய வேண்டும்? "வேறு என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். நான் "கெட்டிக்காரி" என்றேன். பள்ளிப் பிள்ளைக்குச் சரி போடுவது போல.

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை.

"பின்னுக்குக் கிணத்தடியில உள்ளது இப்பிடியில்ல சேர். அது வேற. ஒருக்காப் பாருங்க."

"அவவுக்கு எல்லாம் ஒண்டுதான்," என்றார் ஹாஜியார்.

நான் பின்னால் போகவில்லை. ஏன் என்று பிறகு அலுவலகத்தில் கேட்டபோது நான் சொன்ன காரணம் மிக மரியாதையானது: பின்வளவு பெண்கள் புழங்கும் இடம், அதுவும் இத்தா இருக்கும் வீடு, அந்நிய ஆண் அங்கே போவது அழகில்லை. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நம் ஊரில் ஒழுக்கத்தைக் காரணம் காட்டினால் மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்பதில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மகள் திரையை இழுத்துவிட்டுப் பாதையைக் காட்டியிருப்பாள். இரண்டு நிமிட வேலை. உண்மைக் காரணம் வேறு. கூட்டம் முன்னால் நின்றது. பின்னால் என்னைப் பார்க்க ஆளில்லை.

"எல்லாம் ஒரே இனந்தான் தங்கச்சி, பயப்படாதீங்க," என்றேன். சைக்கிள் இருக்கையில் தாளை வைத்து எழுதினேன். "மேற்படி வளவில் காணப்படும் தேனீக்களால் மனிதருக்கு ஆபத்தில்லை." கையெழுத்து, திகதி, முத்திரை. முத்திரையை நான் எப்போதும் பையிலேயே வைத்திருப்பேன். கடிதத்தைப் பார்த்த ஹாஜியாரின் முகம் கறுத்தது. ஓர் ஏழை விதவையை அவருடைய சொந்த வீட்டிலேயே இருக்க வைத்த வீரன் நான். திரைக்கு அப்பால் சத்தம் இல்லை. அந்த அமைதியை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

நாற்பதாம் நாள் கத்தத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மௌத்தானவருக்காக ஓதிச் சனத்துக்குச் சாப்பாடு கொடுக்கும் நாள். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகுதான் சாப்பாடு. நான் பத்து மணிக்கே போய்விட்டேன். மரியாதை கிடைக்கும் இடத்துக்கு நேரத்தோடு போவது என் பழக்கம். ஹாஜியார் என்னைக் கண்டு சிரித்தார். மனிதர் தோல்வியை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறந்தாரோ இல்லையோ, சனம் இருந்து சாப்பிடப் பின்வளவில் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார், என் கடிதத்தை நம்பி. கூலியாளின் கையிலிருந்த அலவாங்கை வாங்கி, "இப்பிடிக் குத்தணும்," என்று கம்பு நடும் குழியைத் தானே தோண்டிக் காட்டினார். இரும்பு விற்கிறவருக்கு இரும்பைப் பிடிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா?

முன் விறாந்தையில் இருந்த எனக்குக் குத்தும் சத்தம் கேட்டது. நாலாவது குத்துக்குப் பிறகு அலறல் கேட்டது.

கூலியாட்கள் முன்னால் ஓடி வந்தார்கள். ஒருவருக்குக் கன்னம் வீங்கத் தொடங்கியிருந்தது. பெண்கள் வீட்டுக் கதவுகளை அடித்துச் சாத்தினார்கள். "ஹாஜியார் உழுந்திட்டாரு, கிணத்தடியில கிடக்காரு!" என்று ஒருவர் கத்தினார். யாரும் திரும்பிப் போகவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆபத்தில்லை என்று எழுதியவன் நான்தானே.

வீட்டுப் பக்கவாட்டால் பின்வளவுக்குப் போனேன். அந்தக் கிணற்றடியை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஜாம் மரத்தின் வேரடியில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்கு முன்னால் கறுத்த பெரிய குளவிகள், வயிற்றில் ஒரு தடித்த மஞ்சள் பட்டையோடு, புகை போலச் சுழன்றுகொண்டிருந்தன. ஒரே ஓட்டை, நூறு பேர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்லக்கூடிய அதே வித்தியாசம். உடுப்புத் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஹாஜியார் குப்புறக் கிடந்தார். கொட்டகைத் தறப்பாள் அவர் மீது பாதி விழுந்திருந்தது. மூச்சு வாங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

சுவரோடு ஒரு தெளிகருவி சாய்ந்திருந்தது, மிளகாய்க்கு அடித்த மருந்து அதில் மிச்சம் இருந்தது. நான் அதைத் தோளில் மாட்டினேன். ஓட்டையைக் குறிபார்த்தேன். அந்தக் குளவிக் கூட்டத்தையே இன்றைக்கு அழித்துவிடுவது என்று முடிவெடுத்துவிட்டேன். ஆத்திரத்திலும் வெட்கத்திலும் இருக்கிறவன் எடுக்கும் முடிவுகள் எப்போதும் உறுதியாகத்தான் இருக்கும்.

"சேர், அடிக்காதீங்க!"

குசினி யன்னலின் திரைக்குப் பின்னாலிருந்து அதே குரல்.

"அதுக்கு ரெண்டு வாசல் இரிக்கி. இதில அடிச்சா அதுகள் மத்ததால வரும். மத்த வாசல் காக்காட தலமாட்டுலதான், அந்த உடுப்புக் கல்லுக்குக் கீழ!"

காக்கா என்றது தன் அண்ணனான ஹாஜியாரை. நான் தெளிகருவியின் பிடியிலிருந்து கையை எடுத்தேன். கல்லைப் பார்த்தேன். கல்லுக்குக் கீழே, ஹாஜியாரின் தலையிலிருந்து ஒரு முழத் தூரத்தில், இரண்டு குளவிகள் வெளியே வந்து மண்ணில் நின்றன. நான் அடித்திருந்தால் கூடு முழுவதும் அந்த மனிதரின் முகத்தில் இறங்கியிருக்கும். சேவையில் முதல் தடவையாக, எனக்குத் தெரியாத ஒன்றை இன்னொருவரிடம் கேட்டேன்.

"அப்ப எப்பிடிப் போற, தங்கச்சி?"

"கிழக்கு வேலி ஓரமாப் போங்க. அதுகள் மரத்தால ஏறி வடக்காலதான் போற, வேலிப் பக்கம் வாறல்ல. அலவாங்கத் தொடாதீங்க, அது குழிக்குள்ள நிக்கிது. கைய வீசாதீங்க. இந்தாங்க." திரை கொஞ்சம் விலகியது. நனைத்த இரண்டு சாக்குகள் வெளியே வந்து விழுந்தன.

ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வேலியோடு ஒட்டி நடந்தேன். ஓடக் கூடாது என்று சொல்வது சுலபம். உடம்பில் உள்ள ஒவ்வொரு எலும்பும் ஓடத்தான் கேட்கும். மற்றச் சாக்கை ஹாஜியாரின் தலையில் போட்டேன். தொட்டதும் அவர் எழும்பி ஓடப் பார்த்தார்.

"காக்கா, படுங்க!" என்றது யன்னல் குரல்.

அந்தக் குடும்பத்தில் ஹாஜியாருக்கு யாராவது உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். மனிதர் படுத்தார். தறப்பாளோடு சேர்த்து அவரை வேலி ஓரமாக இழுத்தேன். இரும்புக் கடைக்காரர், பாரமும் அப்படித்தான். ஒரு குளவி காதிலும் இன்னொன்று மணிக்கட்டிலும் எனக்குக் கொட்டின. முத்திரை குத்திய அதே கை. வலித்தது, ஆனால் அநியாயம் என்று தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது ஹாஜியாருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டாவது கத்தம் என்று வைத்தியரே சொன்னார். வைத்தியர்களுக்கும் பகிடி தெரியும். அன்றைய ஓதலும் சாப்பாடும் பக்கத்து வளவில் நடந்தன. மஃரிபுக்குப் பிறகு, குளவிகள் அடங்கியதும், பழக்கப்பட்ட இரண்டு பேரோடு போய் இரண்டு வாசலையும் அடைத்துக் கூட்டை ஒழித்தோம். எந்த வாசலை முதலில் அடைப்பது என்பதையும் திரைக்கு அப்பால் கேட்டுத்தான் செய்தேன்.

மறுநாள் ஹாஜியாரைப் பார்க்கப் போனேன். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. வாய் மட்டும் வேலை செய்தது.

"இப்ப எழுதித் தருவீங்கதானே சேர்? ஆபத்தெண்டு?"

அவர் கேட்டதில் பிழை சொல்ல முடியவில்லை. அவர் பொய்யாகச் சொன்ன ஆபத்து நிசமாகிவிட்டது. நான் நிசமென்று எழுதியது பொய்யாகிவிட்டது. கட்டிலைச் சுற்றி நின்ற சொந்தக்காரர் எல்லோரும் அவர் பக்கம். மௌலவியும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு தங்கச்சியின் வீட்டுக்கு வருவதாக இருந்தார், என் இரண்டாவது கடிதத்துக்காக. ஆபத்து என்று எழுதினால் எல்லோருக்கும் நான் நல்லவன், அந்தப் பெண் வீட்டை விட்டுப் போக வேண்டும். ஆபத்தில்லை என்று எழுதினால் இந்தத் தடவை தெருநாயும் நம்பாது.

மௌலவி வருவதற்கு முந்தியே போனேன். மதிலில் அன்றைக்கு ஒரு தலையும் இல்லை. வாசலில் தேனீக்கள் வழமை போலத் தங்கள் தங்கள் பொந்துக்குள் போய் வந்தன. திரைக்கு இப்பால் கதிரையில் இருந்தேன்.

"தங்கச்சி, நான் என்ன எழுதுற?"

"உள்ளத எழுதுங்க சேர். நேத்து வரைக்கும் ஆபத்து இரிந்திச்சி. இப்ப இல்ல."

என் மனதில் முந்திய நாளிலிருந்து ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டேன்.

"அண்டைக்கு நீங்க சொன்னத நான் கேட்டுப் பின்னுக்குப் பாத்திருந்தா, ஆபத்தெண்டுதான் எழுதியிருப்பன். மௌலவியும் போகச் சொல்லியிருப்பாரு. நீங்க இந்த ஊட்ட விட்டுப் போகவேண்டி வந்திரிக்கும். அது ஒங்களுக்கு விளங்கல்லயா?"

"விளங்கின சேர்."

"பொறகு ஏன் சொன்னீங்க?"

திரைக்கு அப்பால் பேரீச்சங்கொட்டைகளை ஒதுக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு கிழமையா யோசிச்சன். வாய மூடிக்கிட்டு இரிந்தா இத்தாவ இங்கயே முடிச்சிரலாம். ஆனா கத்தத்துக்கு வாற சனம் கிணத்தடியிலதானே சேர் ஒழு எடுக்கும்?"

தொழுகைக்கு முன் கைகால் கழுவ வரும் நாற்பது ஐம்பது பேர். அவர்களுக்காகத் தன் வீட்டில் இருக்கும் உரிமையைத் தானே கொண்டுவந்து என் முன்னால் வைத்திருக்கிறார். நான் அதை வாங்கிப் பார்க்காமல் படத்துக்கு முகம் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. திரை அவரை என்னிடமிருந்து மறைத்தது. அன்றைக்கு என்னையும் அவரிடமிருந்து மறைத்ததற்கு நான் நன்றியோடு இருந்தேன்.

எழுந்து கிணற்றடிக்குப் போனேன். அடைத்த இரண்டு வாசல்களையும் அரை மணித்தியாலம் நின்று பார்த்தேன். ஒன்றும் போகவில்லை, ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்து எழுதினேன். முன்பு நான் கொடுத்த கடிதம் பிழை. பின்வளவைப் பார்க்காமல் எழுதினேன். வீட்டுக்காரி சொல்லியும் பார்க்கவில்லை. அங்கிருந்த குளவிக் கூடு அகற்றப்பட்டுவிட்டது. இன்று இரண்டு பக்கமும் பார்த்தேன். ஆபத்தில்லை.

முத்திரையைப் பையிலிருந்து எடுக்கவில்லை. பெயரை மட்டும் எழுதினேன்.

மௌலவி வந்தார். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். என் வீங்கிய காதைப் பார்த்தார். பிறகு திரைப் பக்கம் திரும்பி, "அப்ப நீங்க இத்தாவ இங்கயே முடிங்க, மகள்," என்றார்.